லூப் இழுக்கும்போது ‘டொக்’: ஆர்வி-7 உடம்பில் எங்கிருந்து வருகிறது?

கேள்வி, மார்ச் 2 (பூச்சோங் வாசகர்)

அண்ணே, என்னுடையது ஆர்வி-7, அமெரிக்க வேன்ஸ் கம்பெனியின் இரண்டு சீட் சின்ன விமானம். கிட் வாங்கி நானே கட்டியது. லூப்புக்கு (செங்குத்தாக ஒரு வட்டம்) இழுக்க ஆரம்பித்ததும் இடது கால் பக்கம், கீழே இருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். சில நேரம் உச்சிக்குப் போகும்போது இன்னொன்று. நேராகப் பறக்கும்போது ஒன்றும் இல்லை. ஹேங்கரில் எல்லாரும் ஆயில் கேனிங்தான், கண்டுக்காதே என்கிறார்கள். கண்டுக்காமல் விடலாமா?

மார்ச் 2, இரவு

விடக்கூடாது. திறந்து பார்க்கும்வரை விமானம் தரையிலேயே இருக்கட்டும். லூப் வேண்டாம், ரோல் வேண்டாம், ஒரு சுற்று சும்மா போய் வருகிறேன் என்பதும் வேண்டாம்.

ஆயில் கேனிங் தெரியாதவர்களுக்கு: மெல்லிய அலுமினியத் தகடு இரண்டு ரிப்புகளுக்கு, அதாவது உள் எலும்புகளுக்கு, நடுவே லேசாக உப்பிக்கொண்டு நிற்கும். சுமை மாறும்போது ‘டப்’ என்று உள்ளே போகும், சுமை போனதும் வெளியே வரும். ஆர்வி வகைகளில் இது சாதாரணம். தரையிலேயே கையால் அழுத்தினால் பல தகடுகள் டப் டப் என்று பேசும். பெரும்பாலும் ஆபத்தும் இல்லை. எனக்கு அதில்தான் குறை. ‘ஆபத்தில்லாத சத்தம்’ என்று ஒன்று கைவசம் இருந்தால், பெயர் தெரியாத சத்தத்துக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்துவிடுகிறோம்.

சில விவரம் வேண்டும், தம்பி. எத்தனை ஜி-யில் வருகிறது (எடை எத்தனை மடங்காக அழுத்துகிறது என்பதுதான் ஜி)? ஜி ஏறும்போதா, இறங்கும்போதா? ஒவ்வொரு லூப்பிலுமா, அந்த நாளின் முதல் லூப்பில் மட்டுமா? பக்கத்து சீட்டில் ஆள் இருந்தாரா? டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல்? காலையா, மத்தியானமா? ‘இடது கால் பக்கம்’ என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். காரணம் நாளைக்கு.

மார்ச் 3

காரணம் இது. அலுமினியத்தில் சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 5000 மீட்டர் ஓடும். காற்றில் 340 சொச்சம்தான். இறக்கை அடியில் தட்டினாலும் வாலில் தட்டினாலும் உடல் முழுக்க ஒரே நேரத்தில் அதிர்ந்த மாதிரி இருக்கும். பெரிய தகடு எதுவோ அதுதான் ஸ்பீக்கர். உங்கள் காலடியில் இருக்கும் தகடு பெரியது, அதனால் எல்லாச் சத்தமும் காலடியிலிருந்து வருவது போலவே கேட்கும். காது திசை சொல்வது காற்றில் வரும் சத்தத்துக்கு. உலோகத்தில் வருவதற்கு அது ஆகாது.

இதில் ஹெட்செட் வேறு. இரைச்சலை அமுக்கும் எலெக்ட்ரானிக் ஹெட்செட் தாழ்ந்த சத்தத்தைத்தான் நன்றாக அமுக்கும். ‘திடீரென்று இந்த மாதம் வந்தது’ என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஹெட்செட் மாற்றினீர்களா என்று. சத்தம் எப்போதோ வந்திருக்கலாம், காதுக்கு மட்டும் இந்த மாதம் எட்டியிருக்கலாம்.

என் ஆர்வி-4 கதை ஒன்று. கவிழ்ந்து பறக்கப் புரட்டும்போதெல்லாம் ‘டங்’ என்று ஒன்று. எனக்கு அது வாலில் கேட்டது, சத்தியம் செய்திருப்பேன். வால் மூடிகளைக் கழற்றி, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) எடைக்கட்டி எதிலாவது உரசுகிறதா என்று பார்த்து, சுக்கான் கேபிளை இழுத்துப் பார்த்து, ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் இடது டாங்க்குக்குள் இருந்தது. தலைகீழாகவும் பெட்ரோல் கிடைக்க டாங்க்குள் ஒரு தொங்கு குழாய் போடுவார்கள், அதன் நுனியில் எடை. விமானம் கவிழ்ந்ததும் எடை மேலே விழுந்து டாங்க் தகட்டில் மோதும். அது அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் வாலைக் குடைந்துகொண்டிருந்தேன்.

உங்கள் சத்தம் அது இல்லை. லூப்புக்கு இழுக்கும்போது வருவது நம்மைச் சீட்டில் அழுத்தும் நேர் ஜி, அதில் தொங்கு குழாய் அடியிலேயே கிடக்கும்.

மார்ச் 3, பிறகு

வெளியே சீட் பெல்ட் நுனி தொங்குகிறதா என்று பார்க்கச் சொல்ல மறந்தேன். கேனப்பிக்கு (தலைக்கு மேல் கண்ணாடி மூடி) வெளியே மாட்டிக்கொண்ட பெல்ட் நுனி காற்றில் உடலை அடிக்கும் சத்தம் கேட்டு, எஞ்சின் போச்சு என்று அவசரமாக இறங்கியவர்கள் உலகம் பூராவும் உண்டு. ஆனால் அது படபடவென்று தொடர்ந்து அடிக்கும், ஒரே ஒரு டொக் அல்ல.

மார்ச் 5

தம்பி அனுப்பிய பதில்: மத்தியானம் அதிகம், காலையில் குறைவு. ஏறத்தாழ மூன்று ஜி. ஏறும்போது கட்டாயம், இறங்கும்போது சில சமயம்.

மத்தியானம் என்றதும் வெயில் ஞாபகம் வந்தது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் நீளும். தோலும் எலும்பும் ஒரே உலோகம்தானே, சேர்ந்து நீளட்டுமே என்று தோன்றும். சுபாங் விமான நிலையத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே நிறுத்தினால் மேல் தகட்டில் கை வைக்க முடியாது, உள்ளே நிழலில் இருக்கும் ரிப்போ அவ்வளவு சூடாகாது. இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் என்றால் மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் தோல் கூடுதலாக நீள்கிறது. நான்கு பக்கமும் ரிவெட் அடித்து அடைத்த தகடு எங்கே போகும்? உப்பும். மேலே போகப்போக ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குளிரும், தோல் முதலில் குளிரும், அப்போது இழுபடும். தரையில் பேசாத தகடு 5000 அடியில் பேசும், அங்கே பேசியது இறங்கி வந்தால் மௌனம்.

எனவே ஹேங்கர் நண்பர்கள் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்கலாம். ஆனால் தம்பி சொல்வதுபோல் இது காலடித் தரைத் தகட்டில்தான் வருகிறது என்றால், அது இடிக்கிறது. வயிற்றுத் தகட்டில் வெயில் படாது. தார்ச்சூடு கீழிருந்து ஏறும் என்று வாதிடலாம். வாதிடலாம், அவ்வளவுதான்.

மார்ச் 6

வாசகர்களில் ஒருவர் எலி என்கிறார். இன்னொருவர் கட்டும்போது உள்ளே விட்ட பக்கிங் பார் (ரிவெட் அடிக்கும்போது பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டி) என்கிறார். பக்கிங் பார் உள்ளே கிடந்தால் ஒரு டொக்கோடு நிற்காது, லூப் முழுக்க இன்னிசை வரும். எலியை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். செம்பனைத் தோட்டத்து ஓடுபாதையில் நிறுத்திய ஒரு விமானத்தின் இறக்கையிலிருந்து காய்ந்த புல்லை வாரி எடுத்திருக்கிறேன். எலி மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும், அது சத்தத்தைவிடப் பெரிய பிரச்சினை.

பத்து காசு நாணயம் விழுந்திருக்கும் என்று சொன்ன இன்னொருவருக்கு: உள்ளே விழுந்த நாணயத்தை நானும் எடுத்திருக்கிறேன். எலிவேட்டரை அசைக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல் பக்கத்தில் கிடந்தது. சிரிக்கிற விஷயம் இல்லை. அது இடுக்கில் மாட்டினால் விமானத்தை ஓட்டும் ஸ்டிக் பின்னால் வராது.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பது மாதிரி ஆளாளுக்கு ஒரு டொக்குக்கு ஒரு பலன் சொல்கிறோம். விமானத்தை யாரும் இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 8

இன்று போய்ப் பார்த்தேன். சுபாங், காலை. கோலாலம்பூர் சுங்கை பெசி ஓடுபாதையை 2018-இல் மூடிய பிறகு சின்ன விமானக்காரர்கள் பலருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஜெட்டுகளுக்கு நடுவே டாக்சி பண்ணுகிறோம். அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

முதலில் உருப்படியாகக் கிடைத்தது தம்பியின் வீடியோ. ரோல் பாரில் கேமரா, இன்டர்காமில் இணைக்கவில்லை, அதன் சொந்த மைக்கே பதிவு செய்திருக்கிறது. அதுதான் நல்லது, இன்டர்காம் வழியாக எடுத்திருந்தால் நம் பேச்சுதான் வந்திருக்கும். பேனல் திரையில் ஜி எண்ணும் தெரிகிறது. டொக் வரும் இடத்தில் நிறுத்தி எண்ணைக் குறித்துக்கொண்டே போனோம். எல்லா லூப்பிலும் 2.7-க்கும் 3-க்கும் இடையில். மெதுவாக ஓட்டிக் கேட்டால் அது ஒரு சத்தம் இல்லை. முதலில் கூர்மையாக ஒரு ‘டிக்’. அதை ஒட்டியே அகலமாக ஒரு ‘டப்’. காதில் இரண்டும் சேர்ந்து டொக் ஆகியிருக்கிறது.

இறங்கும்போது டப் மட்டும் திரும்புகிறது. டிக் திரும்புவதே இல்லை, அல்லது எஞ்சின் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. டப் தகடுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பயணி சீட்டுக்கு அடியில் முழங்கையை ஊன்றினால் அதே குரல். டிக் யார்?

தரையில் செய்தது இவ்வளவுதான்: ஒருவர் இறக்கை நுனியை, ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பு) கோட்டில், மேலே தூக்கி மெதுவாக விட வேண்டும். இன்னொருவர் உள்ளே குப்புறப் படுத்து விரல்களை ஒவ்வொரு இணைப்பின்மேலும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். காது பொய் சொன்னாலும் விரல் அவ்வளவாகச் சொல்லாது, நகர்வு இருந்தால் நகத்தில் தெரியும். ஆனால் மூன்று ஜி சுமையைக் கையால் கொடுக்க முடியாது. இன்று விரலுக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஸ்பார் போல்ட்டுகளில் போட்ட குறிவண்ணம் (நட் திரும்பினால் உடையும் வண்ணக் கோடு) உடையவில்லை. பின் ஸ்பார் இணைப்பு சுத்தம். அப்புறம் மழை இடித்துக்கொண்டு வந்தது, மூடிவிட்டு மாமாக் கடைக்குப் போய்விட்டோம்.

மார்ச் 9

மார்ச் 5 குறிப்பைத் திருத்த வேண்டும். தம்பியின் பறப்புப் பதிவேட்டைப் பார்த்தால், காலைப் பறப்புகள் எல்லாம் தனியாக, மத்தியானப் பறப்புகள் எல்லாம் நண்பரோடு. வெயிலா, எடையா என்று அந்த விவரத்திலிருந்து பிரிக்க முடியாது.

எடை என்றால் கணக்கு வேறு. ஆர்வி-7-க்கு ஆறு ஜி நேராக, மூன்று ஜி தலைகீழாக என்பது 1600 பவுண்டு, அதாவது 726 கிலோவுக்கு உள்ளே இருந்தால்தான். சாதாரணப் பறப்புக்கு 1800 பவுண்டு. காலி விமானம் 500 கிலோ என்று வைப்போம். இரண்டு பேர் 75 கிலோ வீதம் 150. முழு டாங்க் 42 அமெரிக்க கேலன், 114 கிலோ அளவில். கூட்டினால் 764, பாராசூட் இன்னும் சேரவில்லை. நாசி லெமாக் சாப்பிட்ட இரண்டு பேர் முழு டாங்க்கோடு போனால் ஏரோபேட்டிக் (லூப், ரோல் போன்ற சாகசப் பறப்பு) எல்லைக்கு வெளியேதான் போகிறார்கள். ஜி-மீட்டர் இதைச் சொல்லாது. அது மூன்று என்றுதான் காட்டும், யாருடைய மூன்று என்று அதற்குத் தெரியாது.

அதோடு லூப்பிலிருந்து வெளிவரும்போதே ரோலையும் கலந்து இழுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இரண்டு இறக்கைக்கும் ஒரே சுமை வராது, ஒரு பக்கம் மீட்டர் காட்டுவதைவிட அதிகம் வாங்கும்.

மார்ச் 9, இரவு

ஒருவர் கேட்டார்: ‘இறக்கை உண்மையிலேயே போவதாக இருந்தால் முன்கூட்டிச் சத்தம் வருமா?’

நீல் வில்லியம்ஸ், பிரிட்டிஷ் ஏரோபேட்டிக் வீரர். 1970 ஜூன் 3, இங்கிலாந்தின் ஹல்லாவிங்டனில் ஸ்லின் அக்ரோபாட் விமானத்தில் பயிற்சி. கீழ்நோக்கி வந்து நிமிர்த்தும்போது பெரிய ‘பாங்’, உடனே இடது இறக்கை மேல்நோக்கி மடங்கத் தொடங்கியது. கீழ் ஸ்பார் இணைப்பு உலோகச் சோர்வில் விட்டுப்போயிருந்தது. அவர் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். சுமை எதிர்ப்பக்கம் மாறியதும் இறக்கை பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அப்படியே கவிழ்ந்தபடி களத்துக்குப் பறந்து வந்து, தரைக்குப் பக்கத்தில் திரும்பப் புரட்டி, வயிற்றால் தேய்த்து இறக்கி, உயிரோடு நடந்து போனார்.

எல்லாரும் அவர் திறமையைப் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு அதில் ஒட்டிக்கொண்டது வேறு: சத்தம் கேட்டபோது எச்சரிக்கைக்கு நேரம் முடிந்திருந்தது. சோர்வு விரிசல் மாதக்கணக்கில் சத்தம் போடாமல் வளரும். சத்தம் போடும் சின்னத் தளர்வு பல சமயம் ஆபத்தில்லாதது, அமைதியாக இருக்கும் விரிசல் ஆபத்தானது. எனவே சத்தத்தின் காரணம் கிடைத்த சந்தோஷத்தில் மற்ற இணைப்புகளைப் பார்க்காமல் மூடிவிடக் கூடாது.

ஆர்வி-யிலும் உதாரணம் உண்டு. கிடைமட்ட வால் இறக்கையின் முன் ஸ்பாரில் உடலை ஒட்டிய பகுதியில் விரிசல் கண்டதால் 2014-இல் வேன்ஸ் சேவை அறிக்கை விட்டது. அந்த விரிசலைக் காதால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். டார்ச், பெருக்குக் கண்ணாடி, பொறுமை. தம்பி, அந்த ஆய்வைச் செய்து பதிவேட்டில் எழுதியிருக்கிறீர்களா?

மார்ச் 10

எழுதவில்லையாம். செய்கிறாராம்.

மார்ச் 15

கிடைத்தது!

இறக்கை வேரை மூடும் ஃபேரிங்கைக் கழற்றியதும் தெரிந்தது. ஆர்வி-7-இல் பெட்ரோல் டாங்க்தான் இறக்கையின் முன்விளிம்பு. அதன் முன் உள்மூலையை உடலோடு பிடிக்க ஒரு பிராக்கெட், ஒரு போல்ட். விபத்தில் டாங்க் கிழியாமல் கழன்று வர, உடல் பக்கம் துளையை வெட்டித் திறந்து விட்டிருப்பார்கள். அந்தப் போல்ட்டின் வாஷரைச் சுற்றி கறுப்பாக, எண்ணெயில் குழைத்த கரி போல ஒரு வளையம். விரலில் ஒட்டியது, தேய்த்தால் வழவழவென்று இருந்தது. அது அழுக்கு இல்லை. இரண்டு அலுமினியப் பரப்புகள் ஒன்றையொன்று அரைத்து வந்த தூள். அதே தூள் ரிவெட் தலைக்குப் பின்னால் வால்போல நீண்டிருந்தால் ‘புகையும் ரிவெட்’ என்பார்கள்.

வாஷரின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பு, பிறை வடிவில். ரென்ச் வைத்தால் நட் கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. இறக்கை மூன்று ஜி-யில் வளையும்போது டாங்க் மூலை கொஞ்சம் நகர விரும்புகிறது. பிடிமானம் இருக்கும்வரை நகராது, பிடி விட்டதும் ‘டிக்’. அந்தத் தட்டுதல் பக்கத்தில் உப்பி நிற்கும் தரைத் தகட்டை எழுப்பிவிட ‘டப்’.

கடைசி வாக்கியம் என் ஊகம். டிக் வராமலே டப் வரக்கூடும். போல்ட்டை இறுக்கிப் பறந்தால்தான் தெரியும்.

மார்ச் 16

இறுக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தம்பிக்கு அவசரம். ஏன் தளர்ந்தது என்று கேட்காமல் இறுக்கினால் மறுபடியும் தளரும்.

கழற்றிப் பார்த்தோம். பிராக்கெட்டுக்கும் வாஷருக்கும் நடுவே பெயின்ட். பிரைமர் மட்டுமல்ல, மேல் பூச்சும் சேர்ந்து தடிப்பாக. விமானத்தில் பொருத்துவதற்கு முன்பே இறக்கைகளைத் தனியாகப் பெயின்ட் கடைக்கு அனுப்பியிருக்கிறார், அங்கே மறைத்து ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை. இறுக்கின அன்று, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் சரியான எண்ணைக் காட்டியிருக்கும். பிறகு நம் ஊர்ச் சூட்டில் பெயின்ட் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கிவிட்டது, போல்ட்டின் இழுவை அதோடு போயிற்று. நட் ஒரு சுற்றுகூடத் தானாகத் திரும்பவில்லை. குறிவண்ணம் போட்டிருந்தாலும் உடைந்திருக்காது. மார்ச் 8 அன்று ஸ்பார் போல்ட்டில் குறிவண்ணம் முழுசாக இருந்ததைப் பார்த்து நிம்மதியானோமே, அந்த நிம்மதிக்கு மதிப்பு குறைவு என்று இப்போது தோன்றுகிறது. ஸ்பார் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் மறுபடி பார்க்கச் சொன்னேன். நட்டைத்தான் திருப்ப வேண்டும், போல்ட் தலையை அல்ல. இடுக்கமாகப் பொருந்திய போல்ட்டைத் துளைக்குள் சுழற்றினால் துளை கெடும்.

மார்ச் 17

ஸ்பார் போல்ட்டுகள் எல்லாம் சரியான இறுக்கத்தில். அங்கே பெயின்ட் இல்லை. பிராக்கெட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, மெல்லிய பிரைமர் மட்டும் அடித்து, புது போல்ட், புது நட். பழைய துளையைப் பெருக்குக் கண்ணாடியில் பார்த்தோம், முட்டை வடிவம் ஆகவில்லை. வால் ஸ்பாரில் விரிசல் இல்லை.

மார்ச் 23

பறந்தார். தனியாக, பாதி டாங்க், பாராசூட்டோடு, 5000 அடிக்கு மேல், கீழே வீடில்லாத பக்கம். லூப் இல்லை. நேராக இழுத்து 2, பிறகு 2.5, பிறகு 3 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவே சமநிலைக்கு வந்து கேட்கச் சொல்லியிருந்தேன். ஹெட்செட்டின் எலெக்ட்ரானிக் அமுக்கலை அணைத்துவிட்டு.

டிக் போய்விட்டது. டப் இருக்கிறது, முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக, மூன்றைத் தாண்டி வருகிறது. தனியாகப் பறந்ததால் தாமதமா, டிக் எழுப்பாததால் தாமதமா என்று நண்பரை ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். டாங்க் அளவைக் குறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

மார்ச் 24

டப்பை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தகட்டின் உட்புறம், நடுவில், மெல்லிய அலுமினிய ‘எல்’ பட்டை ஒன்றை டாங்க் சீலன்ட் போட்டு ஒட்டினால் பெரும்பாலும் வாயை மூடும். ரிவெட் அடிக்க வேண்டாம், புதுத் துளை புது விரிசலுக்கு வாசல். ஒட்டும் இடத்தைச் சுரண்டி, துடைத்து, ஒட்டிய பிறகு மணல் பை வைத்து விடுங்கள். சீலன்ட் கையில் பட்டால் ஒரு வாரம் போகாது, நாற்றமும் போகாது. வீட்டில் திட்டு விழுந்தால் நான் பொறுப்பல்ல.

என் விமானத்தில் ஒரு தகடு இன்னும் டப் அடிக்கிறது. நான் ஒட்டவில்லை. அது எத்தனை ஜி-யில் அடிக்கும் என்று தெரியும். எண் மாறினால் திறந்து பார்ப்பேன்.

மார்ச் 30

வலது பக்க ஃபேரிங்கும் கழற்றியாயிற்று. அங்கேயும் அதே பெயின்ட், கறுப்பு வளையம் இன்னும் இல்லை, ஆனால் நட் தளர்ந்துதான் இருந்தது. அதையும் சுரண்டி மாற்றியிருக்கிறார். பத்து மணி நேரப் பறப்புக்குப் பிறகு இரண்டு பக்கமும் மறுபடி டார்க் பார்க்க வேண்டும், பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறது.